வீரர் செய்தது ஒன்று, கோபம் நிருபர்மீது

திருகோணமலையில் ஐரோப்பிய உதைபந்தாட்டத்தைப் பின்தொடர்கிறவர்களிடம் ஒரு பழக்கத்தை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறேன். தாங்கள் நேசிக்கும் கழகத்தின் வீரர் ஒருவர் முறைகேடாக நடந்துகொண்டார் என்று செய்தி வந்தால், அவர் என்ன செய்தார் என்ற பேச்சு அதிக நேரம் நீடிப்பதில்லை. எந்தப் பத்திரிகை எழுதியது, எழுதிய நிருபர் எந்தக் கழகத்தின் ஆள், இதே குற்றத்தை மற்றக் கழகத்து வீரர் செய்தபோது இந்தப் பத்திரிகை எங்கே போயிருந்தது என்ற கேள்விகளுக்குப் பேச்சு உடனே தாவிவிடும். எதிரணி வீரரைப் பற்றிய செய்தியென்றால் இந்த விசாரணை எதுவும் கிடையாது. அன்றைக்கு மட்டும் அதே பத்திரிகை வேதவாக்கு.

சில காலம் இம்மாவட்டத்திலிருந்து தமிழ் நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபராக விளையாட்டுச் செய்திகளும் அனுப்பியவன் என்பதால், அந்தக் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளும் பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன். ரசிகர்களின் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சில இடங்களில் நிறையவே இருக்கிறது. அந்த நியாயத்தைக் கொண்டுபோய் அவர்கள் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு அவர்களோடு வழக்கு.

லிவர்பூல் வீரராக இருந்த லூயிஸ் சுவாரஸின் கதையை எடுத்துக்கொள்வோம். 2011 ஒக்டோபர் 15ஆம் திகதி ஆன்ஃபீல்ட் மைதானத்தில் லிவர்பூலும் மன்செஸ்டர் யுனைட்டட்டும் 1-1 என்று சமநிலையில் முடித்த ஆட்டத்தில், சுவாரஸ் தன்னை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்று யுனைட்டட் வீரர் பட்ரிஸ் எவ்ரா முறையிட்டார். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அமைத்த சுயாதீன ஆணைக்குழு, டிசம்பர் 20ஆம் திகதி சுவாரஸுக்கு எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண் அபராதமும் விதித்தது. மறுநாள் விகன் அணியுடன் விளையாடச் சென்ற லிவர்பூல் வீரர்கள், சுவாரஸின் படம் பொறித்த ரீ-சேர்ட்டுகளை அணிந்துகொண்டு ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியில் இறங்கினார்கள். ஆணைக்குழுவின் 115 பக்க எழுத்துமூலத் தீர்ப்பு வெளிவந்ததோ டிசம்பர் 31ஆம் திகதிதான். தீர்ப்புக்கான காரணங்கள் என்னவென்று வெளியே ஒருவருக்கும் தெரிவதற்கு முன்பே சட்டை அச்சாகி, உடுத்தி, படமும் எடுத்தாகிவிட்டது.

அந்த 115 பக்கங்களை வாசியுங்கள் என்று இங்குள்ள பலரிடம் சொல்லிக் களைத்துவிட்டேன். ‘ஒருவரின் சொல்லுக்கு எதிராக இன்னொருவரின் சொல், அவ்வளவுதானே’ என்பது அப்போது ரசிகர்களின் வாதம். அதற்கான பதில் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. இரு தரப்புச் சாட்சியங்களையும் காணொளிப் பதிவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவ்ராவின் சாட்சியம் நம்பத்தக்கது, சுவாரஸின் சாட்சியம் முக்கியமான இடங்களில் நம்பத்தக்கதல்ல என்ற முடிவுக்கு ஆணைக்குழு எப்படி வந்தது என்பது அதில் படிப்படியாக விளக்கப்பட்டிருக்கிறது. சுவாரஸ் ஒரு இனவாதி என்று தான் கருதவில்லை என எவ்ராவே கூறியிருந்ததும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. சுவாரஸின் ஆதரவாளர்கள் தங்கள் பக்கத்துக்கு எடுத்துக்காட்டியிருக்கக்கூடிய மிக நல்ல வரி அது. அறிக்கையைத் திறக்காததால் அந்த வரியும் அவர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று.

அப்போது நான் முடி வெட்டப் போகும் சலூன், நகரத்தில் லிவர்பூல் ரசிகர்கள் கூடும் இடங்களில் ஒன்று. கண்ணாடிக்கு மேலே ஆணியில் ஒரு சிவப்பு மப்ளர் தொங்கும். சவர்க்கார நுரை தெறித்துத் தெறித்து அதன் ஒரு முனை வெளிறிப்போயிருக்கும். தடை அறிவிக்கப்பட்ட வாரத்தில் அங்கே போனபோது, கடைக்காரத் தம்பி என் காதுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, “அண்ணன், பேப்பர்காரங்கள் எல்லாரும் யுனைட்டட் ஆக்கள். இல்லாட்டி இவ்வளவு எழுதுவாங்களா?” என்று கேட்டார். கத்தரிக்கோல் அவர் கையிலும் காது என்னிடமும் இருந்ததால் அந்த விவாதத்தை நான் அன்று நீட்டவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரப் பேச்சில் எவ்ராவின் பெயர் வந்தது ஒரேயொரு முறை, அதுவும் ‘அவன் ஏற்கெனவே பொய் சொல்லுற ஆள்’ என்பதற்காக.

இது அந்தத் தம்பி ஒருவரின் பேச்சல்ல. 2012 ஜனவரி 28ஆம் திகதி எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்துக்காக யுனைட்டட் மீண்டும் ஆன்ஃபீல்டுக்கு வந்தபோது, பந்து எவ்ராவின் காலுக்குப் போகும்போதெல்லாம் அரங்கிலிருந்து அவருக்கு எதிரான கூச்சல் எழுந்தது. முறையிட்டவரின் முறைப்பாடு ஏற்கப்பட்டிருக்கிறது, இழைத்தவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார், ஆனால் கூச்சல் வாங்கியது முறையிட்டவர். இரண்டு வாரம் கழித்து ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்தில் சுவாரஸ் எவ்ராவின் கையைக் குலுக்காமல் கடந்து போனார். அதற்கு மறுநாள் அவரும் கழகமும் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த ரீ-சேர்ட் அணிந்தது பெருந்தவறு என்று, அன்று அதை அணிந்தவர்களில் ஒருவரான ஜேமி கரகர், 2019 ஒக்டோபரில் தொலைக்காட்சி நேரலையில் எவ்ராவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். எட்டு ஆண்டுகள் எடுத்தன. பத்திரிகையாளர்கள் பலர் அன்றே எழுதியது, அந்தச் சட்டை தவறு என்பதைத்தான்.

இத்தனைக்கும், லிவர்பூல் நகரத்து மக்கள் பத்திரிகையைச் சந்தேகிப்பதற்கு உலகத்தில் வேறெந்த நகரத்து ரசிகர்களுக்கும் இல்லாத காரணம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில், இன்றைய கணக்கின்படி 97 பேர் உயிரிழந்தார்கள். நான்கு நாட்களின் பின் ‘த சன்’ பத்திரிகை ‘உண்மை’ என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக்கி, இறந்தவர்களின் பொக்கெட்டுகளில் ரசிகர்கள் திருடினார்கள் என்றும் பொலிஸார்மீது சிறுநீர் கழித்தார்கள் என்றும் முதற்பக்கத்தில் எழுதியது. அது பொய். 2012இல் சுயாதீன விசாரணைக் குழுவின் அறிக்கை வந்த பின்னரே அப்பத்திரிகை முழுமையான மன்னிப்பை முதற்பக்கத்தில் அச்சிட்டது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் 2016இல் மரண விசாரணை யூரிகள் தீர்ப்பளித்தார்கள். இருபத்தேழு ஆண்டுகள் பொய்க்குப் பதில் சொல்லியே ஒரு நகரம் காலத்தைக் கழித்திருக்கிறது. அந்த நகரத்தில் பலர் இன்றுவரை அந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை. பல கடைகள் அதை விற்பதில்லை. 2017இல் கழகம் அதன் நிருபர்களைத் தன் மைதானத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. ‘த சன்’ பத்திரிகையை வாழ்நாளில் கையாலும் தொட்டிராத திருகோணமலை இளைஞர்களும் அதைப் புறக்கணிப்பதாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சிரிப்பு வந்தாலும், அதை நான் குறைசொல்ல மாட்டேன். இன்னொருவர் வீட்டு இழவுக்கு மரியாதை செய்வதில் தவறில்லை.

ஆனால் ஹில்ஸ்பரோவில் ஒரு பத்திரிகை சொன்ன பொய்க்கும், ஆன்ஃபீல்டில் எவ்ரா சொன்ன முறைப்பாட்டுக்கும் என்ன தொடர்பு? எவ்ராவின் முறைப்பாட்டை விசாரித்தது ‘த சன்’ அல்ல. பிணங்களின் பேரால் சேர்ந்த சந்தேகத்தை, ஒரு முன்னணி வீரரின் எட்டு ஆட்டங்களைக் காப்பாற்றுவதற்காகச் செலவிடுவது அந்தப் பிணங்களுக்கும் மரியாதையல்ல.

அதே சுவாரஸ் 2014 உலகக் கிண்ணத்தில் இதைவிடத் தெளிவான பாடமொன்றைத் தன் சொந்த நாட்டு ரசிகர்களுக்கு நடத்திக் காட்டினார். ஜூன் 24ஆம் திகதி, பிரேசிலின் நட்டாலில் இத்தாலிக்கு எதிரான ஆட்டம்; இங்கே இரவு 11 மணியளவில் நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஜோர்ஜோ கியெலினியின் தோளில் கடித்தார். இது முதல் தடவையுமல்ல. 2010இல் நெதர்லாந்தில் ஒட்மன் பக்கலையும், 2013இல் இங்கிலாந்தில் பிரனிஸ்லாவ் இவானோவிச்சையும் கடித்து, முறையே ஏழு, பத்து ஆட்டத் தடைகளை வாங்கியிருந்தவர். ஆனாலும் உருகுவேயின் அணித்தலைவர் டியேகோ லுகானோ, காட்டப்படும் படங்களில் எதுவுமில்லை என்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் சுவாரஸைத் துரத்துகின்றன என்றும் சொன்னார். இது உலகக் கிண்ணம், மலிவான ஒழுக்க போதனைக்கான இடமல்ல என்பது பயிற்றுநர் ஒஸ்கார் டபாரெஸின் பதில். ஜனாதிபதி ஹோசே முஹிகாகூட சுவாரஸின் பக்கமே நின்றார். தடுமாறி விழுந்தபோது முகம் இடிபட்டுவிட்டது என்று சுவாரஸ் பிபாவுக்கு விளக்கம் எழுதினார். ஒன்பது சர்வதேச ஆட்டங்களும் நான்கு மாதங்களும் தடை என்ற தண்டனை ஜூன் 26ஆம் திகதி வந்தது. ஜூன் 30ஆம் திகதி, நடந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு கியெலினியிடம் மன்னிப்புக் கேட்டு ஓர் அறிக்கை வெளிவந்தது. எழுதியவர் சுவாரஸ்.

ஆறு நாட்களாக ‘படத்தை மாற்றிவிட்டார்கள்’, ‘அது பழைய தழும்பு’ என்று வாதாடிய ரசிகர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். வீரர் ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவருக்காகச் சத்தியம் செய்தவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தண்டனை மிகக் கடுமையாகிவிட்டது என்று அந்த நாட்களில் நிதானமாகச் சொன்னவர்களில் கடிபட்ட கியெலினியும் ஒருவர் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். நான்கு மாதம் அதிகம் என்பது நல்ல வாதம். கடிக்கவே இல்லை என்பது வாதமேயல்ல. முதலாவதை எடுத்துப் பேச எங்களூர் ரசிகர்களுக்கும் மனம் வரவில்லை. ஏனென்றால் அதற்கு முதலில் ‘கடித்தார்’ என்று வாயால் சொல்ல வேண்டும்.

பத்திரிகைகள் வாங்கிய அடியையும் சொல்லாவிட்டால் இது ஒரு நிருபரின் தற்காப்பு மனுவாகிவிடும். 2006 ஜூலை 9ஆம் திகதி பெர்லினில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரான்ஸின் ஸினடின் ஸிடேன் இத்தாலியின் மார்கோ மட்டெராஸியின் நெஞ்சில் தலையால் முட்டியபோது இங்கே அதிகாலை 2 மணி நெருங்கிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டால் வீதிக்கு இறங்கத் தயங்கிய காலம்; அவரவர் வீட்டில், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். விடிந்ததும் எல்லாரிடமும் ஒரே கேள்வி: அவன் என்ன சொல்லியிருப்பான்? உதட்டசைவை வாசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, இனவாதச் சொற்களையும் மதத்தையும் தாயையும் தொட்ட வசவுகளையும் மட்டெராஸியின் வாயில் வைத்தன சில பிரித்தானியப் பத்திரிகைகள். அவை இந்த நகரத்துக்கும் வந்து சேர்ந்தன. தமிழ்ப் பத்திரிகைகளிலும் ஏறின. தமிழர், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் எங்களில் அநேகர் அதை நம்பி ஸிடேனின் பக்கம் நின்றோம். பின்னாளில் மட்டெராஸி தொடுத்த வழக்குகளில் ‘டெய்லி மெயில்’, ‘டெய்லி ஸ்டார்’, ‘த சன்’ ஆகிய மூன்றும் அவரிடம் மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் கொடுத்தன. ஸிடேனின் சகோதரியை இழிவாகப் பேசியதை மட்டெராஸியே ஒப்புக்கொண்டிருக்கிறார்; அது அசிங்கம்தான். ஆனால் பத்திரிகைகள் எழுதியது அதுவல்ல. முட்டியதற்காக ஸிடேனுக்கு மூன்று ஆட்டத் தடை, பேசியதற்காக மட்டெராஸிக்கு இரண்டு. ஸிடேனோ அப்போதே ஓய்வுபெற்றுவிட்டவர்.

இந்த ஒரு விவகாரத்தில் பத்திரிகையை நம்பியவர்களே ஏமாந்தார்கள். ஆனால் பத்திரிகை என்றாலே பொய் என்று இன்றைக்குச் சொல்லும் என் வயதுக்காரர் எவரும் இதை உதாரணமாகக் காட்டி நான் கேட்டதில்லை. அந்தப் பொய் அவர்களுக்குப் பிடித்தமான பொய். ஆகையால் அது பொய்க் கணக்கில் ஏறவேயில்லை.

1998 உலகக் கிண்ணத்தில், பிரான்ஸின் சென் எத்தியனில் ஆர்ஜென்டீன வீரர் சிமியோனியைக் காலால் தட்டிச் சிவப்பு அட்டை வாங்கிய இங்கிலாந்து வீரர் டேவிட் பெக்ஹாமின் விடயத்தில் திசை நேர்மாறானது. ‘பத்து வீரச் சிங்கங்கள், ஒரு மடப் பையன்’ என்று தலைப்புப் போட்ட ‘டெய்லி மிரர்’, அம்பு எறிந்து விளையாட பெக்ஹாமின் முகத்தை நடுவில் வைத்த பலகையையும் அச்சிட்டது. லண்டனில் ஒரு மதுக்கடைக்கு வெளியே அவருடைய கொடும்பாவி தூக்கில் தொங்கியது. அங்கே ரசிகர்கள் பத்திரிகையோடு சண்டை பிடிக்கவில்லை, பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு வீரரோடு சண்டை பிடித்தார்கள். யுனைட்டட் வீரராக இருந்த எரிக் கன்டோனாவைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. 1995இல் பார்வையாளர் ஒருவரை எகிறி உதைத்துவிட்டு, மீன்பிடிப் படகைக் கடற்பறவைகள் பின்தொடர்வது அதிலிருந்து மத்தி மீன் எறியப்படும் என்ற எண்ணத்தில்தான் என்று நிருபர்களைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்து போனார். உதையை மறந்தவர்கள்கூட அந்த வாக்கியத்தை மறக்கவில்லை. கரைவலை இழுபடும் ஊரில் வாழ்கிற எங்களுக்கு அதை விளக்கிச் சொல்லவும் வேண்டியதில்லை.

பத்திரிகையை எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல உதாரணம் உண்டு; அதைச் செய்தவர் ரசிகர் அல்லர், ஒரு வீரர். 2018 டிசம்பர் 8ஆம் திகதி செல்சி மைதானத்தில் பார்வையாளர்களின் வசவுக்கு ஆளான, அப்போது மன்செஸ்டர் சிற்றி வீரராக இருந்த ரஹீம் ஸ்டேர்லிங், மறுநாள் இன்ஸ்டகிராமில் ஒரே ஊடகத்தின் இரண்டு தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மன்செஸ்டர் சிற்றியின் இரு இளம் வீரர்கள் வீடு வாங்கிய செய்திகள். கறுப்பரான டோசின் அடரபியோயோ வாங்கியபோது, ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்தைக்கூடத் தொடங்கி விளையாடாதவர் வாராந்தச் சம்பளம் இவ்வளவு, வீட்டின் விலை இவ்வளவு என்று பணத்தை வாரியிறைப்பதுபோலத் தலைப்பு. வெள்ளையரான ஃபில் ஃபோடன் வாங்கியபோது, அம்மாவுக்கு வீடு வாங்கிக் கொடுத்த பிள்ளை என்று தலைப்பு. இருவரும் வாங்கியது அம்மாவுக்காகத்தான் என்று ஸ்டேர்லிங் எழுதினார். ஒழுங்கீனம் எதுவுமே இல்லாத இடத்தில், தலைப்பின் சாய்வினால் மட்டும் ஒருவரை ஒழுங்கீனமானவராகக் காட்ட முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாக நிறுவ முடியாது.

ஸ்டேர்லிங்கின் கழகத்தைப் பிடிக்காதவர்களும் அன்று அவரை மறுக்கவில்லை. அவர் ‘ஊடகமெல்லாம் இப்படித்தான்’ என்று நிறுத்தியிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்தச் செய்தி, எந்தத் தலைப்பு, எதோடு ஒப்பிட்டால் பிழை தெரியும் என்று எடுத்து வைத்தார். ஒரு நிருபர் செய்ய வேண்டிய வேலை அது. நிருபரைக் குறைசொல்லுகிறவரும் அந்த வேலையைச் செய்தாக வேண்டும் என்பது என் எண்ணம்.

பத்திரிகையைச் சந்தேகிக்கும் குணம் எங்களுக்கு லிவர்பூலிலிருந்து இறக்குமதியானதல்ல. போர்க்காலத்தில் ஒரே சம்பவத்தை மூன்று பத்திரிகைகளில் மூன்று விதமாக வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். யார் வெளியிடுவது, யார் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள், எதைப் போடவில்லை என்று பார்த்துப் பார்த்தே செய்தியை நம்பப் பழகினோம். அந்தப் பழக்கம் விளையாட்டுப் பக்கத்துக்கும் வந்துவிடுவது இயல்பு. ஆனால் இதே நகரத்தில்தான், 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தது என்றுதான் முதலில் படைத்தரப்பால் சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து, ‘சுடர் ஒளி’ பத்திரிகையில் வெளிவந்த படங்கள், அந்த உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருப்பதைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதும்போது இதை ஏன் இழுக்கிறாய் என்று சிலர் கேட்கக்கூடும். தன் அபிமான வீரர் கைதான செய்தியைக் கண்டதும் ‘பேப்பர்காரன் எல்லாரும் பொய்யன்’ என்று இந்த ஊரில் ஒருவர் சொல்லும்போது எனக்கு அந்தப் படங்கள் நினைவுக்கு வருகின்றன என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

இங்குள்ள தமிழ் ஊடகங்களிலும் குறை உண்டு. வெளிநாட்டு வீரரைப் பற்றிய செய்தி முகவர் நிறுவனம் ஒன்றிலிருந்து வந்து, அவசரத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, பின்னர் முகநூல் செய்திப் பக்கங்களில் இரண்டு வரியாகச் சுருங்கும். கைது, குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு என்ற படிகள் எல்லாம் அந்தச் சுருக்கத்தில் ஒன்றாகிவிடும். விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் அன்றிரவே குற்றவாளி. பிறகு வழக்குக் கைவிடப்பட்டால் அதைப் போட எவருக்கும் இடமிருக்காது. இதைச் சுட்டிக்காட்டும் ரசிகர்களோடு நான் முழுதாக உடன்படுகிறேன்.

எங்கள் உள்ளூர்க் கழகங்களின் கோபம் இவை எல்லாவற்றையும்விட நேர்மையானது. நான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில் ஏகாம்பரம் மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில், தண்டனை உதை கொடுக்கப்படவில்லை என்ற ஆத்திரத்தில் ஒரு வீரர் மத்தியஸ்தரைப் பிடித்துத் தள்ளினார். மத்தியஸ்தர் ஒரு பாடசாலை ஆசிரியர். விழுந்ததில் முழங்கை சிராய்த்து மண் ஒட்டியிருந்தது. எல்லைக் கோட்டருகே யாரோ கொடுத்த தண்ணீர்ப் போத்தலால் அதைத் தானே கழுவிக்கொண்டு, விசிலை எடுத்து ஊதி ஆட்டத்தை முடித்துவைத்தார். நான் முடிவையும் சம்பவத்தையும் தள்ளியவரின் பெயரையும் எழுதி அனுப்பினேன். செய்தி வந்த அன்று மாலை இரண்டு மோட்டார் சைக்கிள்களில் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கழகத் தலைவர் என்னைவிட மூத்தவர். கதிரையில் அமர்ந்து, தேநீரையும் குடித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு தொடங்கினார்.

“தம்பி, தள்ளினது பிழைதான். நாங்க இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா பேரப் போட்டது அதவிடப் பெரிய பிழை.”

வீரரின் அப்பா அதைப் பார்த்துவிட்டாராம். வெளிநாடு போக அலுவல் பார்க்கிற பொடியனாம். வேறு கழகத்துப் பொடியன் தள்ளியிருந்தால் நான் பெயரைப் போட்டிருப்பேனா என்று பின்னால் நின்ற ஒருவர் கேட்டார். போன பருவகாலத்தில் போட்ட பெயரைச் சொன்னேன். “அவன் போட வேண்டியவன்தான்” என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல். நால்வரில் ஒருவரும் மத்தியஸ்தரின் கையைப் பற்றி விசாரிக்கவில்லை. நானாகச் சொன்னபோது தலைவர் மட்டும், “அவர் நல்ல மனுசன், எங்கட பொடியனுக்குப் படிப்பிச்சவர்” என்றார்.

உங்கள் தரப்பை எழுதித் தாருங்கள், அனுப்பி வைக்கிறேன் என்றேன். மூன்று பக்கத்தில், கழகத்தின் முத்திரையோடு, அழகான கையெழுத்தில் கடிதம் வந்து சேர்ந்தது. மைதானத்தின் நிலைமை, கழகம் வென்ற கிண்ணங்கள், வருடாந்தச் சிரமதானம் எல்லாம் அதில் இருந்தன. தள்ளியதற்கு வருந்துவதாக ஒரு வரியும் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. ஆசிரியபீடம் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அந்த ஒரு வரியையும் அதைச் சுற்றி நான்கு வரிகளையும் போட்டது. தலைவர் மீண்டும் தொலைபேசியில் அழைத்தார். பெயர் போட்ட விடயத்தை அவர் பேசவேயில்லை. செய்தி நான்கு பத்தியில் வந்ததாம், விளக்கம் ஒரு பத்தியில், அதுவும் மரண அறிவித்தலுக்குக் கீழே வந்ததாம். அந்த முறைப்பாட்டுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் சொன்னது சரி.